கருவி நம் கையில். பெயர் யார் நாவில்?

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பகற்பணி முடித்துக் களைப்போடு வந்திருப்போரே! இரவுப்பணிக்குச் செல்லுமுன் சற்றே இங்கு அமர்ந்திருப்போரே!

தொலைக்காட்சியும் தமிழும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் புலவன் அல்லன். 1984-ஆம் ஆண்டு முதல் இருபத்தைந்து ஆண்டுகள் இவ்வூர்க் கடைத்தெருவில் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செப்பனிட்டு வாழ்ந்தவன். புலவர்கள் சொல்லை ஏட்டிலிருந்து தொடங்குவார்கள். நானோ திருப்புளியும் குறடும் ஈயம் பற்றவைக்கும் கோலும் கிடந்த என் பட்டறை மேசையிலிருந்து தொடங்குகின்றேன்.

1986-ஆம் ஆண்டு. கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து பதினாறு அகவை இளைஞன் ஒருவன் என்னிடம் தொழில் பயில வந்தான். எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவன். ஒருமுறை காட்டினால் மறுமுறை கேளாத கூர்மை அவனுக்கு உண்டு. அவனுக்கு நான் கூறிய முதல் அறிவுரை, "எதைத் தொட்டாலும் தொடு, ஈ.எச்.டி.யை மட்டும் தொடாதே!" என்பது. ஈ.எச்.டி. என்பது மிகையுயர் மின்னழுத்தத்தைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள். ஆனால், அவ்வழுத்தத்தை ஆக்கித் தரும் மின்மாற்றியையும் அதே மூன்று எழுத்துகளால்தான் எங்கள் தொழிலில் அழைத்து வந்தோம். நான் அம்மின்மாற்றியைத்தான் சொன்னதாக அவன் பொருள் கொண்டுவிட்டான்.

ஒருநாள் நான் வெளியே சென்றிருந்தேன். அவன் மின்னிணைப்பைக் கழற்றினான். பெட்டியின் பின்மூடியைத் திறந்தான். நான் சொன்ன சொல்லைக் காத்து, மின்மாற்றியின் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. படக்குழாயின் தோட்பகுதியில் ஒட்டியிருந்த இரப்பர் மூடியை விரலால் நெம்பினான். இணைப்பைக் கழற்றிய பின்னும் படக்குழாய் தன்னுள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கை தூக்கி எறியப்பட்டது. பெட்டியின் தகட்டு விளிம்பில் மோதிக் கிழிந்தது. உயிர் பிழைத்தான். ஆயின் வலக்கையின் இரண்டு விரல்கள் அதன்பின் முழுதாக மடங்கவேயில்லை.

பெட்டியின் முதுகில் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதப்பட்டிருந்தது; ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் விற்ற பெட்டி. தமிழன் வாங்கிய பெட்டி. தமிழ்ப் பிள்ளை திறந்த பெட்டி. அதில் தமிழில் ஓரெழுத்தும் இல்லை.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் அவன் என்னிடம் கேட்டான்: "மதகை மூடினாலும் ஏரியில தண்ணி தேங்கி நிக்குமே, அது மாதிரி மின்சாரமும் தேங்கி நிக்குமாண்ணா?" ஆமாம் தம்பி என்றேன். "அப்படின்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே அண்ணா!" என்றான்.

தோழர்களே! அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. பெட்டி செய்தவன் மீது பாதிக் குற்றம் என்றால், மறுபாதி என் மீதன்றோ? அறியாத மொழியின் எழுத்துகள் மூன்றை அறிவுரை என்று கொடுத்தவன் நான். அன்று முதல் என் பட்டறையில் அந்த ஆற்றலுக்குத் 'தேங்குமின்' என்று பெயரிட்டோம். அதை நிலத்தோடு இணைத்து நீக்குவதற்கு 'வடித்தல்' என்று பெயரிட்டோம். இரண்டும் அவ்விளைஞன் வாயிலிருந்து பிறந்த சொற்கள். ஏரிப்பாசனத்திலிருந்து எழுந்த சொற்கள். பெட்டியைத் திறக்குமுன் ஒருவரை ஒருவர் "வடித்துவிட்டாயா?" என்று கேட்பது எங்கள் வழக்கமாயிற்று. அதன்பின், கடையை மூடும் நாள்வரை, என் பட்டறையில் ஒருவர்க்கும் அத்தகைய ஏதம் நேரவில்லை.

இதில் நான் பின்னர் அறிந்த செய்தி ஒன்றும் உண்டு. மின்னைத் தேக்கி வைக்கும் உறுப்புக்கு 'மின்தேக்கி' என்று பள்ளி இயற்பியல் நூல் பெயரிட்டிருக்கின்றது. நானோ அதைக் 'கண்டென்சர்' என்றே சொல்லி வந்தேன். புலவரும் ஆசிரியரும் ஆக்கி வைத்த சொல் பள்ளி வாயிலைத் தாண்டி என் கடைக்கு வரவில்லை. என் கடையில் பிறந்த சொல் பள்ளிக்குப் போகவில்லை. இன்று நான் சொல்ல வந்த ஒரே கருத்து இதுதான்: தமிழில் சொல் இல்லை என்பது பொய். சொல்லுக்கும் தொழிலுக்கும் இடையில் வழி இல்லை என்பதே மெய். அந்த வழியை வெட்ட வேண்டியவர்கள் நாம்.

தொலைக்காட்சி என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டெலிவிசன்' என்னும் சொல் 1900-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடந்த மாநாடொன்றில் உருசியப் பொறியியலறிஞர் பெர்சுகி என்பவரால் வழங்கப்பட்டது. அதன் முற்பாதி கிரேக்கம், பிற்பாதி இலத்தீன். அப்படியானால் ஆங்கிலேயனும் தன் மொழியில் இல்லாத சொல்லை ஒட்டுப்போட்டுத்தான் பெற்றான். செருமானியன் அதை அப்படியே விழுங்கவில்லை. தொலைவில் காண்டல் என்னும் பொருளில் 'பெர்ன்சேகன்' என்று தன் மொழிவேரிலிருந்து ஆக்கிக்கொண்டான். ஐசுலாந்து நாட்டின் மக்கள்தொகை நான்கு இலக்கத்துக்கும் குறைவு. அவர்களும் காட்சியை வீசுவது என்னும் பொருளில் 'சியோன்வார்ப்' என்று தம் மொழியில் பெயரிட்டனர். கோடிக்கணக்கான மக்கள் பேசும் தமிழில் 'தொலைக்காட்சி' என்று சொல்ல நமக்கென்ன கூச்சம்?

தமிழில் தொழில்நுட்பத்தை விளக்க இயலாது என்பாரும் உளர். இதோ, படக்குழாய் இயங்கும் முறையை நானே சொல்கின்றேன். புரிகின்றதா என்று நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

குழாயின் கழுத்தில் சிறு இழையொன்று சூடேறுகின்றது. அச்சூட்டால் எதிர்மின்னிகள் என்னும் நுண்துகள்கள் வெளிப்படுகின்றன. வண்ணப் பெட்டியில் ஏறத்தாழ 25,000 வோல்ட்டு அழுத்தம் அவற்றைத் திரையை நோக்கி இழுக்கின்றது. கழுத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்கள் காந்த ஆற்றலால் அக்கதிரை இடவலமாகவும் மேல்கீழாகவும் வளைக்கின்றன. நாற்று நடுவோர் வரிசை பிடிப்பதுபோல் கதிர் வரிவரியாக ஓடுகின்றது. நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள். நொடிக்கு 25 படங்கள். முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என இரு நடையாக ஓடுவதால், நொடிக்கு 50 அரைப்படங்கள். கதிர் பட்ட இடத்தில் திரையின் உட்பூச்சு சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிர்கின்றது. ஒரு படம் மறையுமுன் அடுத்த படம் வந்துவிடுவதால் கண் அவற்றை ஓட்டமாகக் காண்கின்றது.

இன்று படக்குழாய்ப் பெட்டிகள் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தை நீர்மப் படிகத் திரைகள் பிடித்துக்கொண்டன. அதையும் சொல்கின்றேன். பின்னாலிருந்து விளக்கு எப்போதும் ஒளியைத் தந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள படிகம், மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தன் அடுக்கு நிலையை மாற்றி, ஒளியை விடும், அல்லது தடுக்கும். ஏரிக்கு மதகு எப்படியோ, ஒளிக்குப் படிகம் அப்படி. கிடையில் 1920, நெடுக்கில் 1080 என்றமைந்த திரையில் ஏறத்தாழ இருபது இலக்கம் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் மூவண்ண மதகுகள் மூன்று.

இவ்விளக்கத்தில் எந்த இடத்தில் தமிழ் தடுக்கி விழுந்தது? 'வோல்ட்டு' என்பது அளவின் பெயர், அறிவியலறிஞர் ஒருவரின் பெயரால் அமைந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். ஏனையவை எல்லாம் நம் வீட்டுச் சொற்கள் அல்லவா?

இனி, நிகழ்ச்சி ஆக்குவோரின் சொற்களுக்கு வருவோம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செபுதம்பர் 15-இல் தில்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகசுட்டு 15-இல் தொடங்கியது. அந்நாளில் இங்குள்ள கூரைகளில் அலைவாங்கிக் கம்பிகளைச் சென்னை நோக்கித் திருப்பி வைத்து, சாலிடேர், டயனோரா பெட்டிகளின் முன் தெருவே கூடியிருந்தது. அன்றைய நிகழ்ச்சிகளின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். உழவர்க்கு 'வயலும் வாழ்வும்'. திரைப்பாட்டுக்கு 'ஒளியும் ஒலியும்'. நேயர் மடல்களுக்கு 'எதிரொலி'. எவ்வளவு இனிய பெயர்கள்! யாருக்கேனும் புரியாமல் போயிற்றா? 'ஒளியும் ஒலியும்' என்று பெயரிட்டதால் வெள்ளிக்கிழமை இரவில் யாரேனும் பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்தார்களா?

1993 ஏப்பிரல் 14-இல், சித்திரை முதல் நாளில், தனியார் செயற்கைக்கோள் ஒளிபரப்பு தமிழில் தொடங்கியது. அதன் பெயரே 'சன்'. அதன்பின் பெயர்கள் சரியத் தொடங்கின. 'சூப்பர் சிங்கர்' வந்தது. 'பிக் பாசு' வந்தது. 'குக் வித் கோமாளி' வந்தது. இப்பெயரில் கோமாளி ஒருவனுக்கு மட்டும் தமிழில் இடம் கிடைத்திருக்கின்றது! 'பிக் பாசு' வீடு எங்கே இருந்தது? நம் மாவட்டத்துப் பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்பு வளாகத்தில். அவ்வீட்டுச் சுவரை எழுப்பியவர், மின்கம்பி இழுத்தவர், விளக்கைத் தூக்கியவர் எல்லாரும் நம்மைப் போன்ற தொழிலாளர். பெயர் மட்டும் கடல் கடந்து வந்தது.

அரசுகளும் தவறாமலில்லை. தமிழ்நாட்டரசு 2006 முதல் ஏழையர் வீடுகளுக்குப் பெட்டிகளை வழங்கியபோது, அதை 'வண்ணத் தொலைக்காட்சி' என்றே அழைத்தது. மக்களும் தயக்கமின்றி அப்படியே அழைத்தனர். அதே அரசு 2007-இல் நிறுவிய அமைப்புக்கோ 'அரசு கேபிள் டிவி' என்று பெயர். ஒரு கையால் கொடுத்த தமிழை மறு கையால் எடுத்துக்கொண்டது போலன்றோ இது? நடுவணரசின் 'பொதிகை' அலைவரிசை 2024 சனவரியில் 'டிடி தமிழ்' ஆயிற்று. தமிழ் என்னும் பெயரைச் சேர்த்துப் பொதிகை என்னும் தமிழை நீக்கினர்.

மாறாக, முயன்றால் முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2006-இல் தொடங்கிய 'மக்கள் தொலைக்காட்சி' நல்ல தமிழையே தன் கொள்கையாக வைத்துச் செய்தியும் நிகழ்ச்சியும் வழங்கிக் காட்டியது. சிங்கப்பூரில் நம் உடன்பிறப்புகள் 'சேனல்' என்பதை 'ஒளிவழி' என்கின்றனர். 'லைவ்' என்றிருந்தது இன்று 'நேரலை' என்று எல்லாத் திரையிலும் மின்னுகின்றது. 'எடிட்டிங்' படத்தொகுப்பு ஆயிற்று. 'டைரக்டர்' இயக்குநர் ஆனார். 'சீரியல்' என்பதைத் தொடர் என்றால் யாருக்குப் புரியாது? 'ரிமோட்டு' தொலையியக்கி, 'ஆன்டெனா' அலைவாங்கி, 'டப்பிங்கு' குரலேற்றம், 'பிக்சல்' படப்புள்ளி. 'தயாரிப்பாளர்' என்பதிலும் 'தயார்' என்பது வடக்கிலிருந்து வந்த உருதுச் சொல். 'ஆக்குநர்' என்றால் அதனினும் சுருக்கம்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்புதல் என்றால் வெளிப்படச் சொல்லுதல். ஆயின் இன்றைய விளம்பரம் வெளிப்படச் சொல்கின்றதா, மறைக்கின்றதா? இந்தியத் தொலைக்காட்சியில் 1976 சனவரி முதல் நாளிலிருந்து வணிக விளம்பரம் இடம்பெற்று வருகின்றது. பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் பல இந்தியில் எண்ணப்பட்டு, இந்தி வாயசைவுக்கு எடுக்கப்பட்டு, அவ்வசைவுக்குள் தமிழைத் திணித்து நமக்கு அனுப்பப்படுகின்றன. வாய் ஒன்று சொல்லச் செவி ஒன்று கேட்கின்றது. ஆசை காட்டும் வரி தமிழில் நிறுத்தி நிதானமாக வருகின்றது. கட்டுப்பாடுகளைச் சொல்லும் வரியோ திரையின் அடியில் எறும்பளவு ஆங்கில எழுத்தில் ஓடி மறைகின்றது. பணம் போடச் சொல்லும் விளம்பரத்தில், இழப்பும் நேரலாம் என்னும் எச்சரிக்கையை மூச்சுவிடாமல் படித்து முடிக்கின்றனர். 'தள்ளுபடி' எழுத்துப் பெரிது. 'இடர்' எழுத்துச் சிறிது. என் பட்டறைப் பிள்ளைக்குப் பெட்டியின் முதுகில் நேர்ந்தது, உங்கள் சேமிப்புக்குப் பெட்டியின் முகத்திலேயே நேர்கின்றது என்று அறிக.

சட்டம் என்ன சொல்கின்றது? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 108-ஆம் பிரிவில், ஆலையில் வைக்கவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்குள்ள தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று கூறியது. தொழிலாளிக்கு அவன் மொழியிலேயே சொல்லவேண்டும் என்னும் முறையை அன்றே சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால், வாயிலில் தொங்கும் பலகைக்கு இருந்த அந்த அக்கறை, கைபடும் பொறியின் மீதுள்ள எழுத்துக்கு இல்லை. சிப்பமிட்ட பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளோ, உறைமேல் இடவேண்டிய விளத்தங்கள் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் செய்து, திருவள்ளூரில் விற்று, பொன்னேரியில் பிரிக்கப்படும் பொருளின் உறையில் தமிழ் கட்டாயமில்லை! 'தடையில்லை' என்னும் அவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டு, ஆலைகளிடம் தமிழைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

இன்று இவ்வூர்த் தொழிற்பேட்டையில் ஒடியரும் பீகாரியரும் நம்மோடு தோள்சேர்ந்து உழைக்கின்றனர். எல்லையோரத்தில் ஆரம்பாக்கம் பக்கம் தெலுங்கு பேசுவோரும் உள்ளனர். அவர்கள் கையும் கைதான். அவர்கள் விரலும் விரல்தான். அவர்களுக்கான எச்சரிக்கை அவரவர் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதும் நம் கோரிக்கையாகட்டும். தன் தாய்மொழியின் அருமை உணர்ந்தவன் பிறன் தாய்மொழியை மிதியான்.

"ஆங்கிலம் தெரிந்தால்தானே வேலை?" என்று சிலர் கேட்பர். ஆங்கிலத்தை மொழியாகக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகவே கற்றுக்கொள்ளுங்கள். நாம் பேசுவது ஆங்கிலமன்று. பொருளறியாத எழுத்துகளின் குவியல். அது ஆங்கிலமும் ஆகாது, தமிழும் ஆகாது. 'ஈ.எச்.டி.' என்று நான் சொன்னபோது எனக்கே அதன் விரிவு அரைகுறையாகத்தான் தெரியும்.

"புதுச்சொல் சிரிப்பூட்டுகின்றதே!" என்பர் வேறு சிலர். அபேட்சகர் வேட்பாளர் ஆனபோதும், அக்கிராசனர் தலைவர் ஆனபோதும் சிரித்தவர்கள் உண்டு. இன்று எந்தச் சொல் சிரிப்பூட்டுகின்றது? மறைமலையடிகளார் 1916-இல் தனித்தமிழ் நெறியைத் தொடங்கியபோது அவர்பால் எறியப்படாத ஏளனம் உண்டோ? சொல் சிரிப்பூட்டுவது பழகாமையால். பழகாமை நம் சோம்பலால்.

ஆகவே தோழர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகின்றேன்.

ஒன்று: நாளை பணிக்குச் செல்லும்போது, உங்கள் பொறியில் இடர்தரும் உறுப்பு எதுவென்று பாருங்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தெரியாவிட்டால், அது என்ன செய்கின்றது என்பதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தேங்குகிறதா, சுழல்கிறதா, வெட்டுகிறதா, அழுத்துகிறதா? அவ்வினையிலிருந்தே பெயர் பிறக்கும். அதை எழுதிப் பொறியின்மேல் ஒட்டச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள்.

இரண்டு: அப்படிப் பிறந்த சொற்களை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்றும் இயங்குகின்றது. 'சொற்குவை' என்னும் பெயரில் கலைச்சொற்களைத் தொகுத்தும் வருகின்றது. அங்கு இருப்பதை எடுத்து ஆளுங்கள். இல்லாததை எழுதி அனுப்புங்கள். புலவர் சொல் பட்டறைக்கு வரட்டும். பட்டறைச் சொல் புலவரிடம் செல்லட்டும்.

மூன்று: புதிதாகத் தொழில் பயில வரும் தம்பி தங்கையரிடம் தமிழிலேயே முதல் எச்சரிக்கையைச் சொல்லுங்கள். அவர்கள் தலையாட்டியதும் நிறுத்திவிடாதீர்கள், "நான் சொன்னது எது? தொட்டுக் காட்டாமல் சுட்டிக் காட்டு!" என்று கேளுங்கள். நான் அன்று அவ்வொரு கேள்வியைக் கேட்கத் தவறினேன்.

அவ்விளைஞன் இன்று அகவை ஐம்பதைக் கடந்தவன். தொழிலை விடவில்லை, கடை வைத்தான், பலர்க்குக் கற்றுக்கொடுத்தான். பழைய பெட்டிகள் போய்ப் புதிய திரைகள் வந்த பின்னும், அவற்றின் உள்ளிருக்கும் மின்தேக்கிகளைத் தொடுமுன், மடங்காத அவ்விரு விரல்களையும் உயர்த்திக் காட்டி, "வடிச்சாச்சா?" என்றுதான் அவன் தன் மாணாக்கர்களைக் கேட்கின்றான். அச்சொல் எத்தனை கைகளைக் காத்திருக்கின்றது!

சொல் என்பது அணிகலனன்று, தோழர்களே, கைக்குக் காப்பு. நம் கைகளை நாம் காப்போம். அதற்கு நம் சொற்களை நாம் ஆக்குவோம்!